மடியில் கட்டிய புல்

மேடையேறுகிறவள் தன் கட்சி எது என்பதை முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். அவையைக் காக்கவைத்துக் கடைசியில் முடிச்சவிழ்ப்பது வித்தைக்காரருக்கு அழகு. வாதம் செய்கிறவருக்கு அழகல்ல. ஆகவே சொல்லிவிடுகிறேன். களையெடுக்கப் போகும் பெண்கள், பிடுங்கிய புல்லை மடியில் கட்டிக்கொண்டு வரக் கூடாது. இதுவே என் கட்சி. இதற்கு நான் முன்வைக்கும் சான்று என் உடம்பு.

என் இடுப்பின் வலப்பக்கத்தில், பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், மிளகளவு ஒரு தழும்பு இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் இருந்தவரை அது என்னைச் சாவை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் கண்ணில் பட்டதும் பிழைத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை எழுதுகிறேன். இதைப் படிப்பவர் வயலுக்குப் போகும் ஓர் அக்காவாக இருந்தால், படித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தன் இடுப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அது போதும்.

என் பெயர் இலக்கியா. ஆரணிக் கல்லூரி ஒன்றில் தமிழ் இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகள் டிவிக்கு மேலுள்ள பலகையில் இடம் போதாமல் அரிசி டிரம்மின் மேலும் நிற்கின்றன. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கல்லூரி இல்லாத நாட்களில் அம்மாவோடு களையெடுக்கப் போகிறேன். அதைச் சொல்லவும் கூச்சமில்லை.

எங்கள் ஊர் கண்ணமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது. அம்மாவும் கோவிந்தம்மா அத்தையும் இன்னும் சில பெண்களும் ஒரு செட்டாகச் சேர்ந்து வேலைக்குப் போவார்கள். பெரும்பாலும் ஏழுமலை பெரியப்பாவின் நிலம். அவர் எங்களுக்கு உறவில்லை. ஊர் முறைப்படி பெரியப்பா. அவருடைய கத்தரித் தோட்டத்தில் களை பிடுங்கும் பெண், பிடுங்கிய புல்லைத் தன் மாட்டுக்கோ ஆட்டுக்கோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. மடியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான். மடியில் வந்தால் அது உரிமை. கூடையில் வந்தால் அது களவு. இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம்தான் இம்மி பிசகாமல் நடக்கும்.

மடி என்பது, சேலையின் முன்பக்கத்தைத் தூக்கி இடுப்பில் நாடாவோடு சேர்த்து இறுகச் செருகினால் வயிற்றின்மேல் உண்டாகும் பை. சுடிதாரில் மடி அமையாது. அதனால் வயலுக்குப் போகும்போது நான் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி, அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வேன். குனிந்தே வேலை செய்வதால் நாடா நழுவும். ஆகவே இரட்டை முடிச்சு. புல்லின் பாரம் இழுக்கும். ஆகவே இன்னும் இறுக்கம். காலை முதல் மாலை வரை ஈரப் புல் எங்கள் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும்.

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய நாட்களில் அந்தத் தோட்டத்தில் கோரையும் அறுகும் முழங்கால் உயரம் நின்றன. எங்கள் செவலைப் பசு அப்போது கன்று ஈன்றிருந்தது. நாள்தோறும் மடி நிறையப் புல் கட்டினேன்.

பிறகு ஒரு நாள், ஒரு பட்டிமன்றத்துக்காக வீட்டு மாடியில் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வலி கிளம்பியது. அன்று மாலையே குளிர். குளிருக்குப் பின்னால் காய்ச்சல்.

ஊரிலுள்ள கிளினிக்கில் ஊசி போட்டார்கள். காலையில் காய்ச்சல் இறங்கும்; மாலையில் முன்னைவிட ஏறும். அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கோவிந்தம்மா அத்தை வாசலில் நின்றுகொண்டே காரணம் கண்டுபிடித்தாள்.

“கப்பு மேல கப்பா வாங்கிகினு வந்தா ஊரு கண்ணு சும்மா கீதா? மொதல்ல அந்த கப்பெல்லாம் எடுத்து பரண்ல போடு. நான் சுத்திப் போடறேன்.”

“கப்பு மேல கைய வெச்சா காய்ச்சலோடயே எழுந்து வருவேன் அத்த” என்றேன்.

“பாரு, வாய்க்கு மட்டும் காய்ச்சல் இல்ல” என்றாள் அத்தை.

அந்த வாய்க்கும் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாமல் போன காலையில் அப்பா அரிசி ஆலையிலிருந்து பாதி வேலையில் வந்தார். அவர் புருவத்தில் தவிட்டுத் தூசி அப்படியே இருந்தது. என்னை ஆட்டோவில் ஏற்றி ஆரணிக்குக் கொண்டுபோனார். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

காத்திருக்கும் கூடத்தில் ஓசையில்லாத டிவி ஒன்று ஓடியது. எதிர்ச் சுவரில் பட்டுக்கடைக் காலண்டர்; அதில் சிரித்த மணப்பெண்ணின் சேலைக் கரை காய்ச்சல் கண்ணுக்கு நெளிந்து நெளிந்து ஓடியது. பின்தெருவிலிருந்து தறிச் சத்தம் விடாமல் கேட்டது. என் பெயரைக் கூப்பிடும்போது எழ வேண்டுமே என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்து கிடந்தேன். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டால் அடுத்த நொடியில் ஒலிபெருக்கி முன் நிற்பவள் நான். அன்று என் பெயர் வேறு யாருடையதோ போல ஒலித்தது.

பெரிய டாக்டர் நிதானமானவர். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கை, கால், கழுத்து, முதுகு என்று தேடினார். “பூச்சி கீச்சி கடிச்சுதாம்மா? உடம்புல எங்கயாவது புண்ணு, காயம்?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா” என்றேன், தெளிவாக.

நான் பொய் சொல்லவில்லை. பாவாடை நாடா அழுத்தி உண்டாகும் புண் எங்களுக்குப் புண்ணில் சேர்த்தி இல்லை. வயலுக்குப் போகும் பெண்களின் இடுப்பைச் சுற்றி ஒரு கருத்த கோடு ஓடும். தோல் அங்கே தடித்திருக்கும், சில நாள் உரிந்து எரியும், தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். குதிகால் வெடிப்பைப் போல, நகக்கண் கறுப்பைப் போல, அது உடம்போடு பிறந்த ஒன்று. அதில் ஓரிடம் கொஞ்சம் அதிகமாகக் கறுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். வலிக்கவில்லை. வலிக்காததை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை. மலேரியா இல்லை. ஆனால் தட்டணுக்கள் குறைந்திருந்தன. அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைத்து நிறுத்துபவை அவை. கல்லீரலும் வீங்கியிருந்தது. டைபாய்டு ஆகலாம் என்று கருதி அதற்கான மருந்தை நரம்பு வழியே ஏற்றினார்கள். அது நல்ல மருந்துதான். என் உடம்பில் இருந்த நோய்க்கு உரிய மருந்து அன்று என்பதை அப்போது யாரும் அறியவில்லை.

பெண்கள் வார்டில் ஆண்களை அனுமதிக்க மாட்டார்கள். பார்வை நேரத்தில் மட்டும் அப்பா வந்து கட்டிலருகில் நிற்பார். நான் பேசும் ஒவ்வொரு போட்டிக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் “நல்லா இருந்துச்சும்மா” என்ற ஒரே சொல்லோடு திரும்புகிறவர் அவர். எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய நாளில், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் இரண்டு முறை நிறுத்துவதைக் கண்டார்.

“நீ பேசாத. நான் பேசறேன்” என்றார்.

பேசினார். என்ன பேசுவது என்று தெரியாமல், ஆலைக்கு வந்த நெல்லைப் பற்றிப் பேசினார். எந்த நெல்லில் ஈரம் அதிகம், எந்த அரிசி உடைகிறது, எந்த லாரி சேற்றில் சிக்கியது. வாழ்நாளில் அவர் ஆற்றிய மிக நீண்ட உரை அதுதான். நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க மேகம் படிந்தாற்போல் இருந்தது. இப்படியே போனால் மூச்சுக்கு இயந்திரம் தேவைப்படலாம், வேலூருக்கு அனுப்புவதே பாதுகாப்பு என்று பெரிய டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னார். தனியே சொன்னதை நான் அப்பாவின் முகத்தில் படித்துக்கொண்டேன். பயந்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மிகவும் பயந்தேன். இயந்திரம் வைத்தால் தொண்டை வழியாகக் குழாய் செல்லும் என்று எனக்குத் தெரியும். பிழைத்தால் இந்தக் குரல் மிஞ்சுமா என்பதே, பிழைப்பேனா என்பதற்கு முன்பாக எனக்குள் எழுந்த கேள்வி.

அன்று மாலை செட்டுப் பெண்கள் வந்தார்கள். வேலை முடிந்து அப்படியே பஸ் ஏறியிருந்தார்கள். காலில் சேற்றுக் கோடு கூடக் காயவில்லை. கோவிந்தம்மா அத்தை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டிலருகே இருந்த மேசையில், வார்டைப் பார்த்துக்கொள்ளும் இளம் பெண் டாக்டர் என்னை வேலூருக்கு அனுப்புவதற்கான விவரங்களை எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போதே, கேட்க வேண்டியதை மறுபடியும் கேட்டார்.

“பூச்சிக்கடி, புண்ணு, ஒண்ணும் இல்லதான?”

நான் தலையசைப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

“புண்ணு இல்லாத பொம்பள எந்த சீமையில கீறா டாக்டரம்மா? இந்த நாடா புண்ணு ஒண்ணு போதாதா? என்னுத அவுத்துப் பாத்தீங்கன்னா ரயில் ரோடு மாதிரி கீது.”

செட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா, “அய்யே, சும்மா இரு கோவிந்தம்மா, ஆஸ்பத்திரியில” என்று அடக்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டார்.

“எந்தப் புண்ணு?”

“அதான், பாவாட நாடா கட்டற எடத்துல. எல்லாருக்கும் வர்றது.”

“இவளுக்கும் இருக்கா?”

“இவ இன்னா ஆகாசத்துலயா களையெடுக்கறா?”

டாக்டர் எழுந்து திரையை இழுத்துவிட்டார். அம்மா நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, பாவாடை நாடாவைத் தளர்த்தினார். டார்ச் வெளிச்சம் என் இடுப்பைச் சுற்றி மெல்ல நகர்ந்து வலப்பக்கத்தில் நின்றது. அங்கே, பீடி நெருப்பை வைத்து எடுத்தது போல் வட்டமாக ஒரு கருத்த பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பு. விரலால் தொட்டார்.

“வலிக்குதா?”

“இல்லை.”

“வலிக்காது. அதான் இதோட வேல” என்றார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு, பெரிய டாக்டரை அழைக்கப் போனார். நடந்து போகவில்லை, ஓடினார்.

அந்த நோய்க்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டின் காதில் நாம் பிடுங்கிப் போடும் உண்ணி அன்று இது; அதைவிட மிகச் சிறியது, கண்ணுக்கு அகப்படாத அளவு சிறியது. புல்லிலும் புதரிலும் இருக்கும். மழைக்குப் பிந்தைய ஈரத்தில் பெருகும். மனித உடம்பில் ஏறினால், துணி தோலோடு அழுந்தும் இடத்தைத் தேடிப் போய்க் கடிக்கும்: இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பக்கம். ஒரு பெண் எவற்றையெல்லாம் டாக்டரிடம் காட்டத் தயங்குவாளோ அவற்றையெல்லாம் அது தேர்ந்துகொள்கிறது. கடித்தது தெரியாது. கடித்த இடத்தின் வழியே கிருமி உள்ளே போகும். ஏறத்தாழ பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் எளிய மாத்திரையில் தீரும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று வரிசையாகப் பிடிக்கும். எல்லோருக்கும் இந்தக் கருத்த பொருக்கு வருவதில்லை. வந்தவர்களுக்கு அது ஒரு வரம். எனக்கு அந்த வரம் கிடைத்து, நாடாவுக்கு அடியில் கிடந்தது.

ரத்தச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அதற்குரிய மருந்தைத் தொடங்கினார்கள். “இன்னிக்கு ராத்திரி பாப்போம். மூச்சு இன்னும் மோசமானா அந்த நிமிஷமே வேலூர்” என்றார் பெரிய டாக்டர். வண்டியைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த இரவைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அம்மா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விடிந்தது. வண்டி புறப்படவில்லை.

அதற்கடுத்த நாள் வியர்த்தது. தலையணை நனைய, நைட்டி நனைய வியர்த்தது. நர்ஸ் காய்ச்சல் பார்த்துவிட்டுக் கருவியை உதறி மறுபடியும் பார்த்தார். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

தேறி உட்கார்ந்த நாளில் இளம் டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து விசாரித்தார். புல்லில் படுத்தேனா, புதர்ப் பக்கம் ஒதுங்கினேனா என்று கேட்டார். வேலை நேரத்தில் தண்ணீர் எவ்வளவு குடிப்பேன் என்றும் கேட்டார். அன்றும் வந்திருந்த கோவிந்தம்மா அத்தைதான் பதில் சொன்னாள்.

“தண்ணி குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்க எடம் இன்னா கீது, நாலா பக்கமும் ரோடும் வண்டியும். அதனால குடிக்கறதே இல்ல. வூட்டுக்குப் போயி ஒரே மூச்சா ஒரு சொம்பு.”

“அப்ப நீர்க்கடுப்பு?”

“அது வாரத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவும். சொந்தக்காரன் மாதிரி.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மடியைப் பற்றி நான் சொன்னேன். நாள் முழுவதும் புல் இடுப்போடு ஒட்டிக் கிடப்பதைச் சொன்னதும், “அப்ப வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருக்கீங்க அந்தப் பூச்சிய” என்றார். “இனிமே மடியில கட்டாதீங்க. கூடையில போடுங்க. வேலை முடிஞ்சதும் குளிச்சு, துணிய மாத்தி, மறைவான இடமெல்லாம் பாருங்க.”

“குளிக்கறோம், பாக்கறோம். ஆனா கூடையில எடுத்தா திருடின்னு சொல்வாங்க டாக்டரம்மா” என்றாள் அத்தை. “நீங்க மாத்திர எழுதிக் குடுத்துட்டீங்க. கூடைய எழுதிக் குடுப்பீங்களா?”

அந்தக் கேள்வி என்னைத்தான் குத்தியது. ‘பெண்ணின் முன்னேற்றத்தைத் தடுப்பது வறுமையா, வழக்கமா’ என்ற தலைப்பில் நான் வழக்கத்துக்கு எதிராகப் பேசிக் கோப்பை வாங்கியவள். வழக்கங்களை வேரோடு பிடுங்கி எறிவோம் என்றபோது மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் ஒருவரும் ஏழுமலை பெரியப்பாவின் வரப்பில் ஒரு கூடையை வைத்துவிட்டுப் போகவில்லை. நானும்தான். அந்தக் கட்டிலில் படுத்தபடி ஒரு முடிவெடுத்தேன். அத்தையின் கேள்விக்கு நான் பதில் கொண்டுவருவேன்.

வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் முளைக்குச்சி மட்டும் நின்றது. செவலை இல்லை, கன்றும் இல்லை. அம்மாவே சொன்னாள், “போவட்டும்டி. ஆஸ்பத்திரி செலவுக்கு அவங்கவங்க நகைய தூக்கிகினு போறாங்க. நம்ம செவல அது கால்லயே நடந்து போச்சு.” எந்த மாட்டுக்காகப் புல் கட்டினேனோ அந்த மாட்டை அந்தப் புல்லே கொண்டுபோய்விட்டது.

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. குரல் இருந்தது, ஆனால் வாக்கியத்தின் நடுவில் உடைந்தது. நாள்தோறும் மாடியில் நின்று, ஒரு வாக்கியம், பிறகு இரண்டு வாக்கியம் என்று கட்டி எழுப்பினேன். பெரியப்பாவிடம் பேசத் தயாராகிறேன் என்று தெரிந்துகொண்ட அப்பா, ஒரு மாலை ஆலையிலிருந்து சுத்தமான தவிட்டுச் சாக்குகளைக் கட்டாகக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தார்.

தை பிறந்து, நானும் அம்மாவும் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். கோவிந்தம்மா அத்தை என்னை ஓரமாக இழுத்தாள்.

“இன்னாத்தயாவது பேசி வெக்காத. இருக்கற புல்லும் போச்சுன்னா என் ஆட்டுக்கு உன் கப்பையா போடறது?”

அவள் அச்சம் நியாயமானது. பேச்சு தோற்றால் எனக்கு இழப்பில்லை. இழப்பு முழுவதும் அவர்களுக்கு. எந்த மேடையிலும் என் தோல்விக்கு வேறொருவர் விலை கொடுத்ததில்லை. தெரிந்தே போனேன்.

ஏழுமலை பெரியப்பா வரப்பில் குடையை ஊன்றி நின்றிருந்தார்.

“பெரியப்பா, ஒரு விஷயம் பேசணுங்க.”

“பேசு. பேசறதுக்குத்தான உன்ன பெத்து வுட்டிருக்காங்க.”

“இனிமே புல்ல மடியில கட்ட மாட்டோங்க. சாக்குல எடுத்துகினு போறோம்.” காய்ச்சல் எப்படி வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சுருக்கமாகச் சொன்னேன்.

அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, “இன்னிக்கு சாக்கு, நாளைக்கு டிராக்டரா? மடின்னா ஒரு அளவு கீது. சாக்குன்னா அடியில கத்தரிக்கா போட்டு மேல புல்லப் போட்டா எனக்கு இன்னா தெரியும்?” என்றார்.

“வரப்புலயே கொட்டிக் காமிச்சுட்டு எடுத்துக்கறோங்க.”

“அடியே, நாங்க இன்னா திருடிங்களா, கொட்டிக் காமிக்க?” என்று பின்னாலிருந்து அத்தை சீறினாள். எதிர்க்கட்சிக்குப் பதில் சொன்னதில் என் கட்சியையே காயப்படுத்திவிட்டேன். பெரியப்பா சிரித்தார்.

“பாரு, உன் ஆளுங்களே ஒத்துக்கல. அதும், உங்க செவலையத்தான் வித்தாச்சே. உனக்கு எதுக்கும்மா புல்லு?”

அம்மா குனிந்துகொண்டாள். எனக்குக் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

“அதனாலதான் பெரியப்பா நான் கேக்கறேன். மாடு இருக்கறவங்க கேட்டா புல்லுக்கு ஆசப்பட்டு கேக்கறாங்கன்னு சொல்வீங்க. எனக்கு ஒரு பிடி வேணாம். இவங்க எடுக்கலன்னா இந்தக் கோரையும் அறுகும் இன்னா ஆவும்? வரப்புல போடுவீங்க. ஒரு மழ பேஞ்சா திரும்ப வேர் வுடும். அள்ளிப் போட ஆள் வெக்கணும், கூலி குடுக்கணும். இத்தினி வருஷமா இவங்க அத இடுப்புல கட்டிகினு சும்மா சுமந்துகினு போறாங்க. அது நீங்க குடுக்கற புல்லு இல்லீங்க. இவங்க செய்யற வேல.”

பெரியப்பா வரப்பைப் பார்த்தார்; அங்கே போன வாரம் யாரோ விட்டுப்போன அறுகம்புல் கொத்து ஒன்று பசுமை மாறாமல் கிடந்தது. குடை நுனியால் அதைக் குத்திப் புரட்டினார். அடியில் வெள்ளையாக வேர் இறங்கியிருந்தது.

“சாக்கு எங்க கீது?” என்றார்.

“எடுத்துகினு வந்துட்டோங்க.”

“அப்ப எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் என்ன கேக்கவே வந்தியா?” என்றவர், குடையை விரித்துக்கொண்டு திரும்பினார். “கொட்டிக் காமிக்கறதெல்லாம் வேணாம். ஆளுக்கு ஒரு சாக்கு. ஆனா ஒரு வேர் கூட வரப்புல கெடக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அவர் மோட்டார் கொட்டகையைத் தாண்டும்வரை பொறுத்திருந்து அத்தை வாயைத் திறந்தாள். “புல்லு கேட்டா வேல குடுத்துட்டுப் போறாரு பாரு!” என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பின. எனக்குக் கிடைத்த கைதட்டல்களில் அதற்கு ஈடானது ஒன்றும் இல்லை.

அன்று மாலை, வேலை முடிந்ததும் மோட்டார் கொட்டகையின் பின்புறத்தில் ஒவ்வொருவராகப் போய் நாடாவைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டார்கள். அத்தை கடைசியாக வந்தாள். “என் ரயில் ரோட்டுல கறுப்பு இல்லடி. வண்டி ஓடும்” என்று அறிவித்துவிட்டுச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

மாடு இல்லாததால் அம்மாவுக்கும் எனக்கும் தூக்க எதுவும் இல்லை. முன்னால் நடந்த அம்மாவின் இடக்கை, பழக்கத்தில், மடியைத் தாங்க இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததைத் தொட்டுப் பார்த்து நின்றாள். பிறகு அந்தக் கையைக் கீழே விட்டாள். எங்கள் அம்மா இரண்டு கையையும் வீசி நடப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.